நேர்ச்சாலையில் போன இரண்டு நொடி

என் அண்ணியின் கையில் ஸ்டாப்வாட்ச் இல்லாத நாளிலும் அவள் மண்டைக்குள் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கும். பால் பொங்க எவ்வளவு நேரம், மாடிவீட்டுக்காரர் செருப்பைத் தேடி எடுக்க எவ்வளவு நேரம், நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பேன் என்பது வரை கணக்கு வைத்திருக்கிறாள். கடைசிக் கணக்கு ஒவ்வொரு முறையும் சரியாக இருப்பதுதான் எனக்கு எரிச்சல். என்னைவிட இரண்டு வயது இளையவள். அண்ணனைக் கட்டிக்கொண்டதால் அண்ணி ஆகிவிட்டாள். அதனால் நேரில் நீங்க, வாங்க. எழுதும்போது அந்த மரியாதை எனக்கு வருவதில்லை.

நேரம் பார்ப்பதோடு விட்டால் பரவாயில்லை. 'ஏன்?' என்று கேட்பாள். இன்றைக்கு மட்டும் தண்ணீர்த் தொட்டி நிரம்ப ஏன் இவ்வளவு நேரம்? பக்கத்து வீட்டு நாய் தபால்காரரைப் பார்த்து மட்டும் ஏன் குரைப்பதில்லை? பதில் கிடைக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. உப்புப் பெறாத விஷயத்துக்கு இப்படி மண்டையை உடைத்துக்கொள்கிறாளே என்று நான் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அடித்துக்கொள்வதில்லை.

அவளுக்கு வேலை காது பரிசோதனை நிலையத்தில். சத்தம் புகாத ஒரு சின்ன அறை, அதில் ஒரு கண்ணாடி ஜன்னல். வருகிறவர் உள்ளே ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்காருவார், அண்ணி வெளியே இயந்திரத்தின் முன்னால். அவள் ஒவ்வொரு சத்தமாக அனுப்ப, கேட்டதும் உள்ளே இருப்பவர் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். பாதிப் பேர் கேட்காமலே அழுத்துவார்களாம்.

"அவங்க பொய் சொல்றதா நினைக்காத. கேக்கலன்னு சொல்ல வெக்கம். கேட்ட மாதிரி இருந்துட்டா போதும்னு நினைப்பாங்க. நான் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடுவேன்" என்பாள்.

அண்ணன் ஜெனரேட்டர் மெக்கானிக். ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், துணி மில் என்று எங்கே பெரிய ஜெனரேட்டர் மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் கார். அண்ணியின் தம்பியையும் எங்கள் தெருமுனை பேக்கரிக்காரரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஒரு பழைய சின்ன கார் வாங்கினான். பின் சீட்டைக் கழற்றி, உள்ளே இரும்புக் கூண்டு வெல்டு வைத்து, பந்தயத்துக்குத் தயார் செய்தார்கள். சீட்டுக்கு மெத்தை தைத்துக் கொடுத்தது நான். திரைச்சீலை தைக்கிறவளிடம் இதையும் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவர்கள் கலந்துகொள்வது தொழில்முறைப் பந்தயம் இல்லை. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் ஹெல்மெட் மாட்டுகிறவர்களின் பந்தயம். காலையில் தொடங்கி எட்டு மணி நேரம் ஓடும். ஒரு காரை மூன்று பேர் மாறி மாறி ஓட்ட வேண்டும். முடிகிற நேரத்தில் யார் அதிக ரவுண்டு சுற்றியிருக்கிறார்களோ அவர்கள் முன்னால். வேகம் முக்கியம்தான், ஆனால் ஒரே மாதிரி சுற்றிக்கொண்டே இருப்பது அதைவிட முக்கியம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அண்ணன் இல்லை, அண்ணி.

முதல் பந்தயத்துக்கு அவள் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் வந்தாள். இரண்டாவதில் ஹெட்செட் அவள் காதில் இருந்தது. பிட் என்று சொல்லும் இடத்தில், கார்கள் வந்து நின்று பெட்ரோல் போட்டு ஆள் மாறும் இடத்தில், குட்டைச் சுவரை ஒட்டி ஒரு ஸ்டூல். மடியில் அட்டை, கையில் ஸ்டாப்வாட்ச். நடத்துபவர்களின் கம்ப்யூட்டர் திரையில் நேரம் வரும், ஆனால் அது அடிக்கடி உறைந்துபோகும். அதனால் ஒவ்வொரு ரவுண்டையும் தானே எழுதுவாள். ஓட்டுகிறவருக்குத் தேவையானதை ரேடியோவில் சொல்வாள். முன்னால் யார், பின்னால் யார், ஆபத்தைக் காட்டும் மஞ்சள் கொடி எங்கே, பெட்ரோல் இன்னும் எத்தனை ரவுண்டுக்கு வரும். ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தானை அழுத்திப் பதில் பேசலாம். பேச நேரமில்லையென்றால் இரண்டு முறை தட்டினால் போதும். டிக் டிக் என்று கேட்கும். புரிந்தது என்று அர்த்தம்.

அவள் கடைப்பிடித்த சட்டம் ஒன்று உண்டு. வளைவில் பேசவே கூடாது. வளைவில் ஓட்டுகிறவர் மூச்சுக்கூட எண்ணித்தான் விடுவார், நேர்ச்சாலைக்கு வந்த பிறகுதான் காது காலியாக இருக்கும். எல்லா அணியும் அப்படித்தான் செய்கிறது.

எண்களைப் பார்த்து அவள் ஆளைச் சொல்வது எனக்கு ஜோசியம் போலிருக்கும். "தம்பிக்குத் தண்ணி தவிக்குது, அவனுக்கே இன்னும் தெரியாது" என்பாள். ஐந்து நிமிடத்தில் ரேடியோவில் அவன் கீச்சுக் குரல் வரும், "அக்கா, தண்ணி பாட்டில் ட்யூப் கழண்டுடுச்சு". பேக்கரிக்காரரின் நேரங்கள் எல்லாம் ஒரே எடையில் வெட்டிய மாவு உருண்டைகள். அண்ணன் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. நான்கு ரவுண்டு அருமையாகப் போவான். திடீரென்று ஒரு ரவுண்டில் வேகம் குறைந்து இரண்டு நொடி காணாமல் போகும். பிறகு மறுபடி அருமை.

"ஏன்?" என்று வீட்டில் கேட்டால், "அப்படியா?" என்பான். அதற்கு மேல் பிடுங்க முடியாது.

இங்கே ஒரு வீட்டு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நான் சொல்லப்போகும் பந்தயத்துக்கு முந்தைய மாதம் அண்ணியின் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள் என்று அடுப்படியிலிருந்து அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்திலிருந்து அவன் "சரி" என்றான். வியாழக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு ஏதோ மில்லுக்குப் போய்விட்டான். அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"நீ சொல்லவே இல்ல."

"சொன்னேன். சரின்னீங்க."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பாடு, சாவி, பால் பாக்கெட் தவிர வேறு பேச்சில்லை. "நான் சொல்றது அவருக்கு ஒரு பொருட்டே இல்ல" என்று என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அப்படிப்பட்ட மனநிலையோடுதான் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். சின்ன கார்கள் பிரிவில் மூன்றாம் இடத்துக்கு எங்களுக்கும் டயர் கடைக்காரர்களின் வெள்ளைக் காருக்கும் காலையிலிருந்தே இழுபறி. மூன்றாம் இடத்துக்கு ஒரு கோப்பை உண்டு. தண்ணீர் குடிக்கிற டம்ளரைவிடக் கொஞ்சம் பெரியது. அதற்காக மூன்று ஆண்கள் உயிரை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் தன் முதல் முறையை ஓட்டிக்கொண்டிருந்தான். அண்ணி நேர்ச்சாலையில் பேசினாள். "வெள்ளைக் கார் முன்னாடி, ஆறு நொடி." டிக் டிக். அந்த ரவுண்டில் இரண்டு நொடி போயிற்று. அடுத்த ரவுண்டு சரியாக இருந்தது. மறுபடி பேசினாள். டிக் டிக். மறுபடி இரண்டு நொடி.

தோளுக்குப் பின்னால் நின்று அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அக்கா, நீ வாயத் தொறந்தாலே மாமாவுக்கு வண்டி படுத்துக்குது."

"கல்யாணம் ஆன எல்லாருக்கும் அப்படித்தான்பா" என்றார் பேக்கரிக்காரர். அவருக்கு அடித்தொண்டைக் குரல். மெதுவாகப் பேசினாலும் பெஞ்சு அதிரும்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியின் முகம் சுண்டிவிட்டது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். அதற்குள் அவள் அட்டையை மறுபடி மேலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டாள். அவமானத்தைவிட அந்த 'ஏன்' பெரிதாகிவிட்டால் அவள் முகம் ஒரு மாதிரி அமைதியாகிவிடும். எனக்குத் தெரிந்த முகம்தான்.

ஹெட்செட்டைக் கழற்றி பேக்கரிக்காரரிடம் கொடுத்தாள். "நேரா வர்றப்ப, வெள்ளைக் கார் அஞ்சு நொடின்னு மட்டும் சொல்லுங்க." அவர் சொன்னார். டிக் டிக். நேரம் அசையவில்லை.

"பாத்தியா" என்றான் தம்பி.

அடுத்து என்னிடம் நீட்டினாள். நானும் அதையே சொன்னேன். இரண்டு நொடி போயிற்று.

"அப்ப பொண்டாட்டி பிரச்சினை இல்ல, பொம்பளைங்க பிரச்சினை" என்றான்.

"இப்ப நீ பேசு" என்றாள் அண்ணி.

பேசினான். அவனுடைய கீச்சுக் குரலுக்கும் இரண்டு நொடி போயிற்று. காற்று மாறி அடித்திருக்கும் என்று சொல்லிவிட்டு ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்தான். அவனுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. அண்ணி அடுத்த ரவுண்டில் பேசும்போது அட்டையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். நானும் கவனித்தேன். எங்கள் கார் இரைந்துகொண்டு நேர்ச்சாலையில் வந்தது. அவள் பேச ஆரம்பித்ததும் இரைச்சல் ஒரு நொடி தணிந்தது. பேச்சு முடிந்ததும் மறுபடி எழுந்தது.

"ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கறார்" என்றாள்.

"ஏன் அண்ணி?"

அவள் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். கொஞ்ச தூரம் மட்டமாகப் போய், பிறகு சரிவாகக் கீழே இறங்கும் கோடு. அந்தக் கோட்டை அவள் பரிசோதனை நிலையத்தில் தினமும் போடுகிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. இயந்திரங்களுக்கு நடுவே வருஷக்கணக்காக வேலை பார்த்தவர்களுக்கு முதலில் கீச்சென்ற மெல்லிய குரல்கள்தான் காதை விட்டுப் போகுமாம். கனத்த குரல் கேட்கும், மெல்லியது கேட்க வேண்டுமென்றால் சுற்றியுள்ள இரைச்சல் அடங்க வேண்டும். எப்படியோ சமாளித்து நாள் ஓடிவிடுவதால் அவர்களுக்கே தெரியாது, தெரிந்தாலும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

"இந்த மாதிரி ஆளுங்கள தினமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்கார வெச்சுப் பாக்கறேன்" என்று என் காதோடு சொன்னாள். "பொத்தானை அழுத்தினா நம்பக் கூடாதுன்னு ஊருக்கே சொல்றேன். இவர் தட்டற டிக் டிக்க மட்டும் நம்பிட்டேன்."

கூடப் பிறந்தவள் நான். எத்தனை முறை "அண்ணா" என்று பின்னாலிருந்து கூப்பிட்டு, திரும்பாததற்குத் திமிர் பிடித்தவன் என்று திட்டியிருக்கிறேன்.

தம்பியும் பேக்கரிக்காரரும் தங்கள் முறையை ஓட்டி முடித்தார்கள். கடைசி முறை மறுபடி அண்ணனுடையது. வெள்ளைக் கார் இன்னும் எட்டிவிடும் தூரத்தில்தான் இருந்தது. அண்ணன் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிளம்பியதும் தம்பி அக்காவிடம் வந்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. இந்தத் தடவை ரேடியோவ பேக்கரிக்காரர்கிட்ட குடுத்துடு. அவர் பேசினா மாமா ஸ்லோ ஆகறதில்ல. நீ கணக்க மட்டும் பாரு."

நியாயமான பேச்சுதான். அதனால்தான் வலித்தது. காரணத்தைச் சொல்லிவிட்டால் அவன் அவளை விட்டுவிடுவான், அண்ணனைப் பிடித்துக்கொள்வான். அண்ணன் இத்தனை நாள் மறைத்ததை, அவன் காருக்குள் இருக்கும்போது, பிட்டில் நின்று போட்டு உடைக்க அவளுக்கு மனசு வரவில்லை. சொல்லாவிட்டால் கணவனைத் தொந்தரவு செய்கிற குரல் என்ற பேரோடு ஸ்டூலை விட்டு எழுந்திருக்க வேண்டும்.

"எனக்கு மூணு ரவுண்டு குடு. நேரம் கூடினா நானே கழட்டிக் குடுத்துடறேன்" என்றாள்.

எங்கள் சுவரிலிருந்து பார்த்தால் தூரத்தில் ஒரு கூர்மையான வளைவு தெரியும். அங்கே எல்லா காரும் ஊர்ந்துதான் திரும்ப வேண்டும். எப்படியும் காலை எடுத்தாக வேண்டிய இடம், இன்ஜின் அடங்கும் இடம். நேர்ச்சாலையில் கார் எங்களைக் கடந்தபோது அண்ணி பேசவில்லை. தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். கார் அந்த வளைவுக்குள் நுழைந்து சத்தம் அடங்கியதும், அடித்தொண்டையில் குரலைக் கனமாக்கி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "வெள்ளைக் கார். எட்டு நொடி."

"வளைவுல பேசறியே, மாமா வண்டிய எங்கயாவது விட்டுடப் போறார்" என்று தம்பி பதறினான்.

டிக் டிக் வரவில்லை. பிறகு ஹெட்செட்டில் அண்ணனின் குரல் வந்தது. எனக்கே வெளியே கேட்டது.

"வெள்ளைக் கார், எட்டு நொடி. கேட்டுது."

அதுவரை எந்தப் பந்தயத்திலும் அவள் சொன்னதை அவன் திருப்பிச் சொன்னதில்லை. நேரம் ஒரு துளி கூடவில்லை. இரண்டாவது ரவுண்டிலும் அப்படியே. மூன்றாவது முடிந்ததும் தம்பி போய் பெட்ரோல் கேனை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தான். அது அவன் மன்னிப்புக் கேட்கும் விதம்.

கோப்பை கிடைக்கவில்லை. வெள்ளைக் கார் கொஞ்சம் முன்னால் முடித்துவிட்டது. தம்பி அட்டையை வாங்கிக் கூட்டிப் பார்த்தான். காலையில் நேர்ச்சாலையில் போன இரண்டிரண்டு நொடிகள் போகாமல் இருந்திருந்தால் மூன்றாம் இடம் எங்களுடையது. அதை ஐந்து பேரிடம் சொல்லிப் புலம்பினான். அண்ணி அட்டையைத் திருப்பி வாங்கி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரை நொடிக்குச் சண்டை போடற மனுஷன்" என்றாள் என்னிடம். "நான் பேசறது வேணாம்னு நினைச்சிருந்தா, கால எடுக்காம டிக் டிக்னு தட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

அடுத்த வாரம் அண்ணனைப் பரிசோதனை நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். தனியாக வரமாட்டான் என்று துணைக்கு நானும் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பொத்தானைச் சமர்த்தாக அழுத்தினான். எல்லாச் சத்தத்துக்கும் அழுத்தினான். அண்ணி கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து உள்ளே போய், அவன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு வந்தாள். அதுவரை அவன் அவள் முகத்தைப் பார்த்து அழுத்திக்கொண்டிருந்திருக்கிறான். சத்தம் அனுப்பும்போது அவள் புருவம் லேசாக ஏறுமாம். இத்தனை வருஷ வேலையில் அவளுக்கே தெரியாத விஷயம்.

நாற்காலி திரும்பியதும் பொத்தான் நின்றுபோயிற்று. காகிதத்தில் அந்தக் கோடு சரிவாக இறங்கியது. அண்ணி இயந்திரத்தின் முன்னாலேயே உட்கார்ந்து அழுதாள். அவன் சுவரைப் பார்த்தபடி அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தான்.

வெளியே வந்ததும் அவன் எதிரே நின்று, அவன் கண்ணுக்கு நேராகக் கேட்டாள். "அன்னிக்கு, அப்பா ஆபரேஷன் விஷயம். நிஜமாவே கேக்கலையா?"

"ஏதோ சொன்னன்னு தெரிஞ்சுது. திருப்பிக் கேட்டா கோவப்படுவியேன்னு சரின்னுட்டேன்." காலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றான். "வண்டிய விட்டு எறக்கிடுவாங்கன்னு பயம் வேற."

யாரும் இறக்கிவிடவில்லை. நடத்துபவர்களிடம் சொன்னோம். கொடிகள் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், டாக்டர் சீட்டு கொடுங்கள் என்றார்கள். பேக்கரிக்காரர், "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. காதுக்குக் கருவி வாங்கியாயிற்று, ஆனால் ஹெல்மெட்டுக்குள் அது நிற்காது. அதனால் பந்தயத்தில் அண்ணனிடம் மட்டும் அந்தக் கூர்மையான வளைவில், கனத்த குரலில் பேசுவது என்று முடிவாயிற்று. வீட்டில் அண்ணி அடுப்படியிலிருந்து கத்துவதை விட்டுவிட்டாள். கூடத்துக்கு வந்து, அவன் தோளைத் தொட்டு, அவன் திரும்பிய பிறகு சொல்கிறாள். எனக்குத்தான் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த பந்தயத்தில் அண்ணனின் நேரங்கள் கோடு போட்ட மாதிரி வந்தன. முன்னால் யாருமில்லை, பின்னால் யாருமில்லை, பெட்ரோலும் போதும். சொல்ல ஒன்றுமில்லாததால் அண்ணியும் நிறைய ரவுண்டுகள் வாயைத் திறக்கவில்லை. அப்போது திடீரென்று ஒரு ரவுண்டில் இரண்டு நொடி போயிற்று.

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். டயரா, பிரேக்கா, மயக்கமா? கார் அந்த வளைவுக்குப் போய்ச் சேரும்வரை அவள் உட்காரவே இல்லை.

"வண்டில என்ன?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றது அண்ணனின் குரல். "நீ பேசி ரொம்ப நேரமாச்சு. பேசியும் எனக்குத்தான் கேக்கலையோன்னு நேர்ச்சாலைல கால எடுத்துப் பாத்தேன்."

அண்ணி பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தம்பி அட்டையை எட்டிப் பார்த்து, "அக்கா, ரெண்டு நொடி போச்சே" என்றான்.

"போகட்டும்" என்றாள் அவள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.